மற்றவை என்று போடு

ஆர்லோவுக்குத் துரோகம் செய்தவன் டெல்பர்ட்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் சர்ச்சில், "யாருக்காக ஜெபிக்கணும்?" என்று போதகர் கேட்டதும் எழுந்து நின்றான். "நம்ம ஆர்லோவுக்கு நாளைக்கு மூல ஆபரேஷன். எல்லாரும் வேண்டிக்குங்க."

பாட்டுக்குழுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்கள்.

அன்று வெளியே வந்த ஆர்லோ மறுபடி அந்தப் படி ஏறவில்லை. டெல்பர்ட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று காலை, கருத்துக் கணிப்பு என்று ஒரு பெண் போனில் பிடித்துக்கொண்டாள்.

"சர்ச்சுக்குப் போறதுண்டா, ஐயா?"

"இல்ல."

"ஏன்? நம்பிக்கை இல்லையா, நேரம் இல்லையா?"

"டெல்பர்ட்."

"என்னங்க?"

"காரணம் டெல்பர்ட். எழுதிக்கோம்மா."

"அது என் பட்டியல்ல இல்லீங்களே... 'மற்றவை'ன்னு போடட்டுமா?"

"என் மூலத்தை ஊர் வாயில போட்டவன் உனக்கு வெறும் மற்றவையா? சரி, போடு."

அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"ஏழைங்க வைத்தியச் செலவை அரசாங்கம் ஏத்துக்கணுமா?"

"வேண்டாம். அவனவன் சுமை அவனவனுக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதவங்களுக்கு வண்டியாவது விடணுமா?"

"என் வரிப்பணத்துல எவனோ சவாரி போகவா?"

"நீங்க யாருக்காவது உதவி செய்யறீங்களா?"

"எனக்கு யார் செஞ்சா? கிடையாது."

"கடைசியா ஒண்ணு. நாட்டுல முதல்ல எதைச் சரி பண்ணணும்?"

"தப்புப் பண்ணினா மன்னிப்புக் கேக்கற பழக்கத்தை."

"மற்றவை..." என்று முணுமுணுத்தாள்.

"வையிம்மா, எனக்கு வேலை இருக்கு."

கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். நாலு வீடு தள்ளி நிறுத்தினான். கம்பளி போர்த்திய நோயாளி ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் தொற்றி ஏறினான்.

"ஏன்டா லேட்டு? டயாலிசிஸ் நர்ஸ் என்கிட்டத்தான் கத்துவா."

"போன்ல ஒரு பொண்ணு ஊர் நியாயமெல்லாம் கேட்டுச்சு."

"என்ன சொன்னே?"

"உண்மையைத்தான்."

மாவட்ட பஸ் நின்றுபோனதிலிருந்து, வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் இந்த நாற்பது மைல் பயணம்தான். பக்கத்தில் இருந்தவன் போகும்போது சோள விலை பேசினான், வரும்போது பனியைத் திட்டினான்.

மன்னிப்பு மட்டும் இன்றைக்கும் கேட்கவில்லை, அந்த டெல்பர்ட்.