சங்கு ஊதாத காரணம்

ஆற்றங்கரைக் காடு ஒன்றில், கணினிக்குள் பவளம் என்றொரு கிளி குடியிருந்தது. கேட்டதற்கெல்லாம் புரோகிராம் எழுதித் தரும். ஆனால் எழுதியதை ஓட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை. வெள்ளம் வந்தால் ஊதி எச்சரிக்க அது எழுதிய சங்கு, போன மழையில் ஊதவே இல்லை. முயல்களின் வளைகள் மூழ்கிப்போயின.

வேம்பு என்கிற அணிலுக்கு அது பொறுக்கவில்லை. பவளம் கூப்பிட்டால் ஒரு கருவியை இயக்கிப் பதில் சொல்லும் சர்வர் ஒன்றை அமைத்தது. அதிலிருந்த கருவி, ஆற்றில் தண்ணீர் ஏறுவதுபோல் காட்டிச் சங்கைச் சோதிக்கும்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இப்பக் கூப்பிடுங்க அக்கா!" என்றது வேம்பு.

பவளம் கூப்பிட்டது. பதிலே வரவில்லை. வேம்பு தேடிப் பார்த்தால், கருவியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை! திருத்திவிட்டு, "இன்னொரு தடவை!" என்றது.

பதில் வந்தது: "தண்ணீர் ஏறியது. சங்கு ஊதவில்லை."

அக்கா மனசு உடைந்துவிடுமே என்று வேம்பு பயந்தது. பவளமோ படபடவெனச் சிறகடித்தது.

"அடியே, தண்ணி வடியும்போது ஊதச் சொல்லி எழுதியிருக்கேன்டி! இப்பல்ல தெரியுது!"

திருத்தி ஓட்டியதும் காடே அதிரச் சங்கு ஊதியது. முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடின.

"வெள்ளம் எங்கடி?" என்று கிழட்டு முயல் மூச்சிரைக்கக் கத்தியது.

"வரல மாமா, சோதனைதான்!"

"சோதனைக்கா எங்களை இப்படி ஓட விட்டே?"

வேம்பு துள்ளிக் குதித்தது. "எல்லாரும் மேட்டுக்கு வந்துட்டீங்கல்ல மாமா!"