ராணியும் எட்டும்

போக்கர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அமுதவல்லியும் சலாவுதீனும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். அவன் தன் பந்தயக் காய்கள் அனைத்தையும் நடுவே தள்ளும்போதெல்லாம் அவள் சீட்டைக் கவிழ்த்து விலகினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பணயம் கட்டிவிட்டு விலகி விலகி அவள் காய்கள் கரைந்திருந்தன. மறுபடியும் தள்ளினான். அவள் கையில் ராணியும் எட்டும்; சுமாரான சீட்டுதான். ஏற்றுத் தோற்றால் கோப்பை போய்விடும்.

“இதையும் விட்டுடுங்கக்கா.”

“உங்களுக்கு நல்ல சீட்டு வந்தப்பல்லாம் நீங்க இன்னிக்கு வாயே திறக்கலை தம்பி,” என்றபடி தன் காய்களைத் தள்ளினாள்.

அவன் சீட்டைத் திருப்பினான். பத்தும் நாலும். அவளுடையதைவிடச் சின்னவை. கூட்டம் ஆர்ப்பரித்தது. அமுதவல்லி எழுந்தாள்.

“எங்கக்கா போறீங்க? நடுவுல ரெண்டு பேருக்கும் பொதுவா இன்னும் அஞ்சு சீட்டு விழணுமே, எல்லாம் மாறலாம்!”

“விழட்டும். நான் யோசிக்க வேண்டியதை யோசிச்சாச்சு,” என்றவள் டீ குடிக்கப் போனாள்.