குடிச்சேன்னு எழுதுங்க

"காலையிலேயே குடிச்சிட்டேம்மா. அப்படியே எழுதிக்கோங்க" என்றார் டிரைவர்.

வெட்கம் மருந்துக்கும் இல்லை. ஏதோ பரிசு வாங்கி வந்ததுபோலச் சொன்னார். அவர் சட்டையிலிருந்து அடித்த வாடையில் அதிகாரியம்மா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

மனநோயும் குடியும் சேர்ந்து பிடித்து ஆட்டுகிறவர்களுக்கான விடுதி அது. ஆளுக்கு ஓர் அறை, மருந்து, பார்த்துக்கொள்ள ஒரு வார்டன். இதனால் யாராவது தேறுகிறார்களா என்று அளந்து மேலிடத்துக்குச் சொல்லத்தான் அதிகாரியம்மா வந்திருந்தார். ஓர் ஆண்டு குடிக்காமல், மனசும் சீராக இருந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. வெளியே காத்திருக்கிற இன்னொருவருக்கு அந்த இடம். பதிவேட்டின்படி டிரைவரோ மாதம் தவறாமல் குடித்துவிட்டு வந்து நின்று, அறையைப் பிடித்த பிடியில் வைத்திருந்தார்.

அதிகாரியம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. குடித்திருப்பதைக் காட்டும் கருவியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"ஊதுங்க."

"பஸ் ஓட்டினவன் நான். ஊதுறது எனக்குப் புதுசா? அதான் வாடை வருதேம்மா, அப்புறம் எதுக்கு?"

"ஊதுங்க."

ஊதினார். பூஜ்யம். மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம். மிஷின் ரிப்பேர் என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார்.

சாராயம் சட்டைக்குத்தான் போயிருக்கிறது, வயிற்றுக்குப் போகவில்லை என்று அதிகாரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஓசி அறையை விட மனசில்லாமல் ஒரு நாடகம். நிஜமாகவே தள்ளாடுகிறவர்கள் தெருவில் கிடக்க, அவர்கள் இடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கிறீர்களே என்று பிடிபிடியென்று பிடித்தார். இன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொன்னார்.

டிரைவர் தலை குனிந்துகொண்டார். இன்னும் கொஞ்ச நாள் இருந்துகொள்கிறேன் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

வார்டனுக்குப் பொறுக்கவில்லை. அதிகாரியம்மாவை மாடியில் வாத்தியார் அறைக்கு அழைத்துப் போனார்.

வாத்தியார் ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். காதுக்குள் யார் யாரோ பேசுவார்கள். அந்தக் குரல்களை அமுக்கக் குடித்துக் குடித்தே வேலையைத் தொலைத்தவர். இந்த ஆண்டு ஒரு வேளை மாத்திரை தவறவில்லை, ஒரு சொட்டு தொடவில்லை, ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஆளைப் பார்க்காமலே, விடுதியின் பெரிய வெற்றி இவர்தான் என்று அதிகாரியம்மா முடிவுகட்டியிருந்தார்.

அதிகாரியம்மா கதவைத் தட்டினார். பதிலே இல்லை. வார்டன் தட்டினார். உள்ளே கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

டிரைவர் மாத்திரையும் தண்ணீருமாக மேலே வந்தார். "வாத்தியாரே, நான்தான்."

கட்டில் நகர்ந்தது, கதவு திறந்தது. டிரைவர் முதலில் தண்ணீரில் ஒரு வாய் குடித்துக் காட்டினார். விஷம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாத்தியார் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாராய வாடையோடு தன் அறைக்கு வரக் கூடாது என்று ஓர் அதட்டலும் போட்டார்.

வேறு யார் கொடுத்தாலும் தொட மாட்டார் என்றார் வார்டன். எத்தனையோ பேரை வைத்துப் பழக்கிப் பார்த்தும் நடக்கவில்லையாம்.

அதிகாரியம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் பொய் எழுத முடியாது என்றார். டிரைவர் குடிக்கவில்லை என்றுதான் எழுதுவாராம். வாத்தியார் தேறியது யாரால் என்றும் எழுதுவாராம். டிரைவர் இங்கேயே இருக்கும்படி விதியை மாற்றுகிறவரை மேலிடத்தை விடப்போவதில்லை என்று சொன்னபோது அவர் குரலில் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

படி இறங்கும்போதுதான் அதிகாரியம்மாவுக்கு டிரைவரிடம் கேட்கத் தோன்றியது.

"உங்களுக்குன்னு வெளியில யாரும் இல்லையா?"

"மக இருக்காம்மா, வெளியூர்ல. குடியை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்னு போன்ல அழுவா."

"அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

டிரைவர் தன் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"உங்ககிட்ட சொன்ன அதே பொய்தாம்மா."