பாட்டு நின்ற பத்து நிமிடம்

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். சங்கராபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். கோயில் மரத்தில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் எதிரே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் சன்னலைப் பார்த்தே பாடிக்கொண்டிருந்தன.

உள்ளே, காது பரிசோதிக்க வந்திருந்த செவ்வந்தி, உறங்கும் குழந்தையின் காதில் சிறு குழாயை மறுபடியும் பொருத்தினாள். கருவி மறுபடியும் மறுத்தது. வெளியே சத்தம் அதிகமாம்.

"இன்னாங்க சொல்லுது மெஷினு?" என்றான் குழந்தையின் தகப்பன் சின்னராசு. கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவன்.

"ஒண்ணும் சொல்லலீங்க. பாட்டு நின்னாத்தான் சொல்லும்."

பிறந்தவுடன் செய்த முதல் சோதனையில் குழந்தை தேறவில்லை. இது மறுசோதனை. கருவி இவ்வூருக்கு மாதம் ஒருமுறைதான் வரும். சின்னராசுவும் மனைவி அமிர்தமும் மறுநாள் விடியற்காலை குடகுக் காப்பித் தோட்டத்துக்கு லாரி ஏறுகிறார்கள். திரும்புவது பொங்கலுக்குத்தான்.

"சோத்துத் தட்டத் தட்டினா திடுக்குனு முழிச்சிக்கிதுங்களே?" என்றான் சின்னராசு.

"காது மந்தமா இருந்தாகூட தட்டு சத்தத்துக்கு முழிச்சிக்கும்ங்க. நாம பேசறது கேக்குதான்னு தெரிய வேணாமா?"

முதல் சோதனைக்குப் பிறகு அமிர்தம் குழந்தையைக் கொஞ்சுவதையே நிறுத்திவிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "யாருகிட்ட பேசறது?" என்பாள்.

செவ்வந்தி எழுந்து கோயிலுக்குப் போனாள். மைக் செட்டுக்காரன் பாவாடை, கூழ் அண்டாவின் அருகே நின்ற விழாத் தலைவர் செல்லமுத்துவை நோக்கிக் கை காட்டினான்.

"ஐயா, பத்து நிமிஷம் பாட்ட நிறுத்தச் சொல்லுங்க. ஒரு கொழந்தைக்குக் காது டெஸ்ட் பண்ணணும்."

"நல்லா சொன்ன போ! கூழு ஊத்தி முடியற வரிக்கும் பாட்ட நிறுத்தக் கூடாதும்மா. நிறுத்துனா சாமி குத்தம். நாளைக்கி எவன் வூட்டு மாடு செத்தாலும் எந்தலையிலதான் வுழும்."

கூட்டம் சிரித்தது. தலைவருக்கு உற்சாகம் பிறந்தது.

"அது கெடக்கட்டும். இந்த வருசம் எத்தினி புள்ளைங்கள பாத்த?"

"நானூறுக்கு மேலங்க."

"காது கேக்காதது எத்தினி?"

"ஒண்ணு."

"கேட்டுக்கினீங்களாப்பா! ஒரு புள்ளைக்காவ நானூறு புள்ளைங்க காதுல கொழா வுடறாங்க. மெஷினு, வண்டி, டீசலு, இந்தம்மாவுக்கு சம்பளம்! எங்கெணத்து மோட்டாருக்கு கரண்டு கேட்டா மட்டும் பணம் இல்லன்றான்."

"அந்த ஒண்ணு எந்த வூட்டுல பொறக்கும்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, நான் அங்க மட்டும் போயிட்டு வந்துடுவேங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. செல்லமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பேச்சு ஜாஸ்தியா இருக்குது. போம்மா, போய் வேலயப் பாரு." பிறகு மைக் செட் இருந்த பந்தலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். "டேய் பாவாடை! சத்தம் கம்மியா இருக்குது, ஏத்துடா!"

செவ்வந்தி திரும்பி வந்து கருவியைப் பெட்டியில் வைக்கப் போனாள். பாட்டு பாதி வரியில் அறுந்தது.

மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. வெளியே தலைவரின் குரல் கேட்டது.

"இன்னாடா ஆச்சி?"

"வயரு எரிஞ்சிப் போச்சி தலைவரே!"

"நல்ல நாளும் அதுவுமா ஓட்ட வயரத் தூக்கிக்கினு வந்தியா? கூலில ஐந்நூறு ரூவா புடிச்சிக்கினுதான்டா குடுப்பேன்!"

"சாமி குத்தம் ஆயிடுமா?" என்றாள் ஒரு பெண்.

"சாமி இன்னா பண்ணும்? வயரு குத்தம்!" என்றார் தலைவர்.

அதற்குள் செவ்வந்தி குழாயைக் குழந்தையின் வலக்காதில் பொருத்தியிருந்தாள். பிறகு இடக்காதில். சின்னராசு மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

"ரெண்டு காதும் தேறிடுச்சிங்க! பொறந்தப்ப காதுல அழுக்கு அடைச்சிக்கினு இருந்திருக்கும்."

அமிர்தம் குழந்தையை வாரி எடுத்தாள். "ஏண்டி, இத்தினி நாளா எல்லாத்தையும் கேட்டுக்கினு கம்முனா இருந்த? ஒங்கப்பன நான் திட்டுனதையும் கேட்டியா?" என்று தொடங்கியவள் அதன்பின் நிறுத்தவே இல்லை.

செவ்வந்தி பெட்டியோடு வெளியே வந்தபோது பாட்டு பழையபடி முழங்கிக்கொண்டிருந்தது. செல்லமுத்து வழிமறித்தார்.

"இன்னா ஆச்சி?"

"நல்லா கேக்குதுங்க."

"பாத்தியா? நல்லா கேக்கற காதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்? வெட்டிச் செலவு!"

"கேக்குதுன்னு தெரிஞ்சிக்கிறதுக்கும் செலவு பண்ணித்தாங்க ஆவணும்."

அவர் உறுமிவிட்டு அண்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூலி போனாலும் போகட்டும் என்று பாட்டை நிறுத்திய ஏழை பாவாடைக்கு இருக்கும் மனம் இந்தப் பெரிய மனிதருக்கு இல்லையே என்று எண்ணியபடி அவள் பஸ் ஏறினாள்.

அன்று மாலை, ஊரார் முன்னிலையில், பாவாடையின் கூலியில் ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக் கோயில் உண்டியலில் போட்டார் செல்லமுத்து.

ஞாயிற்றுக்கிழமை சங்கராபுரத்திலுள்ள பாவாடையின் கடைக்குப் போய், தம் சட்டைப் பையிலிருந்து எழுநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

"புடிச்சது ஐந்நூறுதாங்களே?" என்றான் பாவாடை.

"ஏத்துடான்னு கத்திக்கினே கண்ணடிச்சேன் இல்ல? ஒடனே வயரப் புடுங்கின பாரு, மேல இருநூறு அதுக்கு."