ஆயா பார்க்க வந்தாள்

காலை எட்டு மணிச் சங்கு ஊதி ஓய்வதற்குள் வாசலில் வாளி உருண்டது. எப்போதும் அங்கேயே இருக்கும் வாளி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் எல்லோரும் ஒதுங்கித்தான் போவார்கள். அதை உதைத்துக்கொண்டு வருகிறாள் என்றால் செல்லாயி கோபமாக வருகிறாள் என்று உடையப்பன் நினைத்தான்.

"வாங்க ஆயா."

"மங்களம் எங்கடா?"

"பால் வெட்டப் போயிட்டா."

செல்லாயி அந்த ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகை ஆயா. பால் வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகள் பதினாலு பேரும் பகல் முழுக்க அவள் பொறுப்பு. பதினைந்தாவது பிள்ளையை மட்டும் உடையப்பன் தன் வீட்டிலேயே வைத்திருந்தான்.

எழுபத்து நாலில், இருபத்தாறு வயதில், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஸ்டோரில் ஆசிட் தெறித்து அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மறு வருஷம் அவன் மனைவி மங்களத்துக்குப் பாப்பா பிறந்தாள். 'குருடன் கையில கைப்பிள்ளையா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு' என்று தோட்ட ஆபீஸ் கிராணி ஆயாவை அனுப்பியிருந்தார். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கே பாப்பா கொட்டகைக்குப் போய்விடுவாள். மங்களம் திரும்பும்வரை அவன் வெறும் வீட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"பிள்ளைக்குத் துணி மாத்து," என்றாள் செல்லாயி. "செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லு."

"இடது கைய உள்ள விட்டுக்குவேன் ஆயா. ஊக்கு குத்துனா என் விரல்லதான் குத்தும்."

"பால் சுடுதான்னு எப்படிப் பாப்ப?"

"மணிக்கட்டுல ரெண்டு சொட்டு."

"தரையில கெடந்தத எடுத்து வாயில போட்டா?"

"போடுவா லா! அடிக்கொருதரம் விரல விட்டுத் தொழாவுவேன். நேத்து ஒரு பொத்தான் கெடைச்சுச்சு. மங்களம் ஒரு வாரமா தேடிக்கிட்டிருந்தது."

செல்லாயி சிரிக்கவில்லை.

"தவழ்ந்து எங்கியாச்சும் போயிட்டா?"

"சத்தம் கேட்டா பயமில்ல ஆயா. சத்தம் நின்னுச்சுன்னாத்தான் ஓடணும்."

"பசிக்கு அழுவுதா, எறும்பு கடிச்சு அழுவுதான்னு?"

"எறும்புன்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கத்தல். பசின்னா விட்டு விட்டு வரும், சித்தியவான்ல இருக்கிற எங்க மாமியா மாதிரி."

அதற்கும் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு பிள்ளை ஒண்ணா அழுதா?" என்று கேட்டாள்.

எங்கே இருக்கிறது இரண்டாவது பிள்ளை? வேண்டுமென்றே மடக்குகிறாள் என்று உடையப்பனுக்குப் பட்டது. பாப்பா அவன் மடியில் ஏறி, சட்டைக் காலரைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"ஆயா, இதுவரைக்கும் பிள்ளை மேல ஒரு கீறல் கிடையாது. அவள என்கிட்டயே விட்டுருங்க. கிராணிகிட்ட ஏதும் சொல்லிடாதீங்க."

செல்லாயி எழுந்து போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நீயும் சொல்லிடாதப்பா," என்றாள் மெதுவாக. "ரெண்டு மாசமா எனக்கு எல்லாம் புகையாத்தான் தெரியுது. பதினாலு பிள்ளைய எப்படிப்பா சமாளிக்கிறது?"