ஆளை மாத்தணும்

“அஞ்சு மாசமாச்சு. எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் டாக்ஸ் ரீஃபண்ட் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரல” என்றபடி லேப்டாப்பைத் திறந்தாள் டீச்சர்.

“டிபார்ட்மென்ட்ல லேட்டாகும்மா” என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“அவங்களுக்கும் அதே ஆடிட்டர்தானே ரிட்டர்ன் போட்டாரு? நான்தானே அவரைச் சிபாரிசு பண்ணேன்?”

“பாவம், அவருக்கு எத்தனை ஃபைலோ!”

“ரொம்பத்தான் வக்காலத்து வாங்கறீங்க.” ஸ்டேட்டஸைத் தட்டி, திரையில் வந்ததை உரக்கப் படித்தாள். “ரிட்டர்ன் போட்டாச்சு, வெரிஃபை செய்யப்படவில்லை.”

பேப்பர் மெல்ல இறங்கியது.

“என் போனுக்கு ஓடிபி அனுப்பி, அதைக் கேட்டு வாங்கிப் போட்டாத்தானே ரிட்டர்ன் செல்லும்? மத்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணிக் கேட்டாராம். என்கிட்ட மட்டும் ஏன் கேட்கல?”

“எப்ப வேணா கேட்டுக்கலாம்னு விட்டிருப்பான், மடையன்.” அவர் மறுபடி பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

“முதல்ல ஆளை மாத்தணும்.”

“இந்த வயசுலயா?”

வாசல் மணி அடித்தது. கணவர் தப்பித்தோம் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார்.

“ஆடிட்டர் சார், என் ரீஃபண்ட் இன்னும் வரலயே?”

“உள்ள வாங்க” என்றார் கணவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. “வெரிஃபை ஆயிருக்கான்னு முதல்ல பார்த்துடலாம். நிறைய பேர் அதுலதான் கோட்டை விடறாங்க.”

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது.

“நிறைய பேர் இல்லைங்க, ஒரே ஒருத்தர்தான்!”