முதல் சவாரி

அவள் அந்த பெல்ட்டைச் சரளைக்கல் தரையில் போட்டுக் குதிகாலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க? முதலாளி மாட்டிக்கப்போற பெல்ட் அது!" ஜீப்பிலிருந்து இறங்கிய டிரைவர் பதறினான். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் அவனை எல்லோரும் ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா? கீழ எவ்வளவு ஆழம்னு..."

"ஆழத்தைப் பத்தி என்கிட்டயே பேசுறியா?" பெல்ட்டைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் தேய்த்தாள். "போய் ஜீப்புல உக்காரு. நீ எதையும் பாக்கல. அதுதான் உனக்கு நல்லா வருமே."

ஒட்டடை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

கீழே படகுத்துறை, அதையடுத்துக் கூடார மைதானம், சைக்கிள் பாதை. மேலே, இந்தக் குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குப் பள்ளத்தாக்கின் குறுக்கே போகும் ஜிப்லைன். இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் மாட்டி, கம்பி வடத்தில் தொங்கவிட்டு அனுப்புவார்கள். மாட்டிவிடும் வேலை அவள் கணவனுடையது. தினமும் காலையில் முதல் ஆளாகத் தானே ஒருமுறை போய்ப் பார்ப்பான். அப்படிப் போன ஒரு காலையில் பாதி வழியில் விழுந்தான்.

"பக்கிளைச் சரியா மாட்டல, அவ்வளவு அலட்சியம்" என்றார் முதலாளி. விசாரணையில் அவர் எடுத்துக் காட்டிய பெல்ட்டில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. அறிக்கையில் அலட்சியம் என்றே எழுதினார்கள். தையல் விட்டுப்போச்சு, மாத்தித் தரமாட்டேங்கிறார் என்று அவன் சாப்பிடும்போது புலம்பியதை அவள் சொன்னாள்; யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மையான பெல்ட் என்ன ஆனது என்று ஒட்டடைக்குத் தெரியும். ஒருநாள் அவளிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னான். சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது, வேலை போயிடும் அண்ணி என்று ஒதுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவள் முதலாளியிடம் போய், கணவன் பார்த்த வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

விபத்து நடந்த இடத்தை மறுபடி திறப்பதற்கு ஒரு விதி உண்டு: முதல் சவாரியை முதலாளியே போக வேண்டும். இன்று அவர் எதிர்க்குன்றில் கால் வைத்ததும் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். அதோடு விசாரணையும் முடிந்தது. செத்துப்போனவன் காலத்துக்கும் அலட்சியக்காரன்தான்.

முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு மேடையேறினார். "நல்லா இறுக்கிப் போடும்மா. உன் வீட்டுக்காரன் மாதிரி கோட்டை விட்டுடாதே" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, தடுக்கவுமில்லை.

அவள் மண்டியிட்டு, அழுக்கேறிய பெல்ட்டை மாட்டினாள். நாடா விறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் பக்கிளுக்குள் நுழைக்க முடிந்தது.

"ஏய், மெதுவா! தொடையே அறுந்துடும் போலிருக்கு."

வடத்தில் கொக்கியை மாட்டினாள். மேடையின் முன்கதவைத் திறந்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"முதலாளி, ஒட்டடைகிட்ட ஒரு பெல்ட்டை எரிக்கச் சொல்லிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவன் எரிக்கல. என் வீட்டுக்காரரை அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுப் பழகினவன், மனசு வரல. என்கிட்ட கொண்டாந்து குடுத்துட்டான். பத்திரமா வெச்சிருந்தேன்." அவர் இடுப்பு நாடாவை லேசாகத் தட்டினாள். "இன்னைக்கு உங்களுக்குப் போட்டுவிட்டிருக்கேன்."

"பொய் சொல்றே."

"பாதி தூரம் தாங்கும் முதலாளி. அவருக்குத் தாங்குச்சுல்ல?"

"கிளம்புங்க சார், வெயில் ஏறுது" என்றார் பின்னாலிருந்து அதிகாரி.

முதலாளி குனிந்து பார்த்தார். கந்தலாகத் தெரிந்த நாடா, அதற்குக் கீழே பள்ளம். பக்கத்துக் கம்பத்தைப் பாய்ந்து கட்டிக்கொண்டார்.

"கழட்டு! இதைக் கழட்டு! தையல் விட்ட பெல்ட் இது!"

"எது சார்?"

"அவன் போட்டுக்கிட்டு விழுந்தானே, அது! டேய் ஒட்டடை! துரோகி! எரிச்சுடுன்னு சொல்லித்தானேடா உன் கையில குடுத்தேன்?"

அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார். "அப்போ விசாரணையில எங்ககிட்ட காட்டினது எந்த பெல்ட் சார்?"

ஜீப்பிலிருந்து ஒட்டடை ஓடிவந்தான். கண்ணெல்லாம் நீர்.

"ஐயோ, எரிச்சுட்டேன் முதலாளி! நீங்க சொன்ன அன்னைக்கே, ஜீப் ஷெட்டுக்குப் பின்னால, பெட்ரோல் ஊத்தி எரிச்சுட்டேன்!"

முதலாளி கம்பத்தை விடாமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ... இது?"

அவள் முன்கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

"நேத்துதான் உறையைப் பிரிச்சேன் முதலாளி. புத்தம் புதுசு."